எட்டு மணிவரைக்கும் இரவு

அக்கா தன் பழைய பட்டன் போனை நண்டு கட்டும் நைலோன் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வைத்திருந்தாள். பின்மூடி எப்போதோ ஆற்றில் விழுந்து போய்விட்டது. நூலை அவிழ்த்தால் பற்றரி கீழே விழும். யாராவது அழைத்தால் அந்தக் கட்டோடு காதில் வைத்துக்கொண்டு அக்கரைக்குக் கேட்கிற சத்தத்தில் கதைப்பாள். "டச் போன் ஒண்டு வாங்கன்கா" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இது நல்லாத்தானே கேக்குது" என்பாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். நான் பிரதேச செயலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், கோப்புப் பார்க்கிறவள். எட்டு வருடமாக டச் போன் வைத்திருக்கிறவள். என் கூடப்பிறந்தவள் இப்படி நூல் சுற்றிய போனோடு திரிந்தால் எனக்குத்தானே வெட்கம்?

எங்கள் பக்கத்தில் வளவும் வீடும் பெண்பிள்ளைகளுக்குத்தான். அம்மா ஒரே வளவை இரண்டாக்கிக் கிழக்குப் பாதியை அக்காவுக்கும் மேற்குப் பாதியை எனக்கும் எழுதினா. மாப்பிள்ளைமார் வந்து குடியேறினார்கள். நடுவில் ஒரு வேலி, அதில் நாங்கள் இருவரும் போகவர ஒரு கடப்பு. அக்காவின் பாதி ஆற்றங்கரையில் போய் முடிகிறது. கந்தோர்க் கடிதத்தில் வாவி என்று எழுதுவேன், வீட்டில் எங்களுக்கு அது ஆறுதான். அத்தானுக்கு முதுகு போனபிறகு தோணி தள்ள முடியவில்லை. அதிலிருந்து அக்கா ஏழு தோணிக்காரரிடம் நண்டு வாங்கி விற்கத் தொடங்கினாள். நான்கு வருடமாகப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு அவளுடைய நண்டுதான் போகிறது. அந்த ஹோட்டல் கொடுக்கிற விலையைச் சந்தையில் யாரும் கொடுப்பதில்லை. அக்கா வீட்டு அடுப்பும் அந்த ஏழு வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகின்றன.

ஒரு நாள் அந்த ஹோட்டலில் சமையலுக்குச் சாமான் எடுக்கிறவர் அழைத்தார். அக்கா நூல் போனை எனக்கும் கேட்கும்படி பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வாற மாசம் முதலாந் திகதியில இருந்து படம் பாத்துத்தான் ஓடர். ஏழேகாலுக்குள்ள அண்டைய நண்டின்ட படம் எனக்கு வட்ஸ்அப்பில வரோணும். ஏழரைக்கு முடிவு சொல்லிருவம். வேற ரெண்டு இடத்திலயும் கேட்டிருக்கு. படம் வராட்டி எனக்கு ஒண்டும் செய்ய ஏலாக்கா."

அவர் குரலில் சங்கடம் தெரிந்தது. நல்ல மனிதர், மேலிடம் சொன்னதைச் சொல்கிறார். அக்கா "ஓம் தம்பி, அனுப்புறன்" என்றாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"புள்ள, உன்டய மாதிரி ஒண்டு எனக்கு எடுக்கோணும்."

வந்தாயா வழிக்கு என்று மனதுக்குள் துள்ளினேன். அன்று பின்னேரமே ஒரு கடதாசியில் எழுதத் தொடங்கிவிட்டேன். கமரா இத்தனை, நினைவகம் இத்தனை, திரை இத்தனை அங்குலம். கடப்பால் போய் வாசித்துக் காட்டினேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"போன் மறுகா பாப்பம். முதல்ல துறையில எந்தச் சிம் வேலை செய்யுதெண்டு பாக்கோணும்."

"போன் இல்லாம சிம்மை எங்ககா போடுற?"

"சிக்னல் இல்லாத போன் முகம் பாக்கத்தான் உதவும். முகம் பாக்க என்னட்டக் கண்ணாடி கிடக்கு."

மறுநாள் அயலில் இரண்டு வீட்டில் இரண்டு போனை இரவல் வாங்கினாள். இரண்டும் வேறு வேறு கம்பெனி. மூன்றாவது என்னுடையது. மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு, விடிகிற நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். துறை எங்கள் வளவிலிருந்து அரை மைல் தெற்கே, தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்ணாமரங்களுக்குள் இருக்கிறது. தோணிகள் அங்கேதான் ஒதுங்கும். நண்டை எடுத்து, தரம் பிரித்து, கட்டி முடியும் வரைக்கும் அக்கா அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள்.

என் சிம்மைப் பற்றி நான் நிறையப் பெருமை பேசியிருந்தேன். துறையில் என் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கிறுகிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இரவல் போன் ஒன்றில் ஒரு கோடு வந்து வந்து போனது. மற்றது, கந்தோரில் நாங்கள் கேலி பண்ணுகிற மலிவான கம்பெனியின் சிம். சரிந்து நின்ற ஒரு கண்ணாமரத்தின் கீழே போனதும் அதில் இரண்டு கோடு வந்து நிலையாக நின்றது. அக்கா அதிலிருந்து வீட்டுக்கு அழைத்து அத்தானோடு கதைத்தாள். பத்தடி தள்ளிப் போய்க் கதைத்தாள், தோணியில் ஏறிக் கதைத்தாள், கடைசியில் திரும்பவும் மரத்தடிக்கே வந்தாள். இடுப்பில் சொருகியிருந்த சிவப்புத் துணியைக் கிழித்து அந்தக் கிளையில் கட்டினாள்.

"இதான் என்ட கந்தோர்" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு சிம் வாங்க இவ்வளவு ஆய்வு செய்த ஆளை எங்கள் கந்தோரில் நான் கண்டதில்லை. ஆனால் அன்று முழுக்க அந்தச் சிவப்புத் துணி என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

சனிக்கிழமை மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் காத்தான்குடிக்குப் போனோம். பஸ்ஸில் அக்காவின் காலடியில் ஒரு நனைந்த சாக்குப் பை. அது இடைக்கிடை அசைந்தது. "என்னகா அது?" என்று கேட்டேன். "நண்டு" என்றாள். விளக்கம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

போன் கடை பிரதான வீதியில், குளிரூட்டி போட்ட கண்ணாடிக் கடை. கடைக்காரத் தம்பி மரியாதையான ஆள். நான் என் கடதாசியை எடுத்து நீட்ட, மூன்று போனை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். அக்கா அவற்றைத் தொடுவதற்கு முன்பு சாக்கை அவிழ்த்து, கால் கட்டிய இரண்டு நண்டை எடுத்து அந்த மேசையில் மல்லாக்க வைத்தாள். கடைக்காரத் தம்பி ஒரு எட்டுப் பின்னால் போனார். நான் கடை வாசலைப் பார்த்தேன், தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று.

"பயப்படாதீங்க தம்பி, நல்லா இறுக்கிக் கட்டியிருக்கு. இந்த ரெண்டையும் மூண்டு போனாலயும் படம் எடுத்துக் காட்டுங்க."

நண்டு வாங்குகிறவர்கள் அடிவயிற்றைப் பார்ப்பார்கள். சதை நிறைந்த நண்டுக்கு அடி மங்கிப் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி அழுக்கேறி இருக்கும். ஓடு கழற்றிப் புதிது போட்ட நண்டுக்கு அடி பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பார்க்க அழகு, உடைத்தால் உள்ளே தண்ணீர்தான். அதைத் தண்ணி நண்டு என்போம். அக்கா கொண்டு வந்தது ஒன்று நிறைந்தது, ஒன்று தண்ணி.

நான் ஆசைப்பட்டுத் தெரிவு செய்திருந்தது நடுவில் இருந்த போன். மூன்றிலும் விலை கூடியது, புதுசு, முகத்தை அழகாக்கும் கமரா. கடைக்காரத் தம்பி அதில் எடுத்த படத்தைக் காட்டினார். கண்ணைப் பறித்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கியிருந்தது.

"ரெண்டும் தண்ணி நண்டா வந்திருக்கு."

"என்னகா சொல்றாய்? எவ்வளவு வடிவா இருக்கு!"

"அதான் புள்ள சொல்றன். நிறைஞ்ச நண்டையும் வெளுப்பாக்கிப் போட்டுது. இது பொய் சொல்லுது. இந்தப் படத்தை அனுப்பினா ஆரு நண்டெடுப்பான்?"

கடைக்காரத் தம்பி படத்தைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். பத்து வருடமாகப் போன் விற்கிறாராம், படம் அழகாக இருக்கிறதென்று போனை வேண்டாமென்ற ஆளை அன்றைக்குத்தான் கண்டாராம். பிறகு அவருக்கும் உற்சாகம் பிடித்துவிட்டது. மற்ற இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். வெயிலில் திரை தெரிகிறதா, ஈரக் கையால் தொட்டால் கேட்கிறதா, காற்றில் குரல் விளங்குகிறதா என்று அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வீதியில் போன முச்சக்கரவண்டி ஒன்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் தடித்த, பார்வைக்கு ஒரு சீருமில்லாத போன் ஒன்றைத் தெரிவு செய்தாள். அதன் படத்தில் அழுக்கு நண்டு அழுக்காக இருந்தது, வெள்ளை நண்டு வெள்ளையாக இருந்தது.

அடுத்தது பக்கேஜ். சிவப்புத் துணி மரத்தடியில் எடுபட்ட அந்தக் கம்பெனியின் சிம்மைப் போட்டுக்கொண்டே கடைக்காரத் தம்பி சொன்னார்: "ஒரு பக்கேஜ் எந்த நேரமும் பாவிக்கலாம், டேட்டா கொஞ்சம். மற்றது பகலுக்குக் கொஞ்சம், ராவைக்கு நிறைய. விலையும் குறைவு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "ராவைக்கு ஆரு முழிச்சிருக்கிற? அது ஆக்களப் பேய்க்காட்டுற பக்கேஜ். முதலாவதப் போடுங்க தம்பி."

அக்கா என் கையைப் பிடித்து அமத்தினாள். "தம்பி, ராவெண்டா எத்தின மணியில இருந்து எத்தின மணி மட்டும்?"

"பன்னிரண்டில இருந்து காலம எட்டு மட்டும் அக்கா."

"எட்டு மட்டும் ராவா?"

"கம்பெனிக்கு அது ராவுதான்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப எனக்கு அது போதும். தோணி வாறது அஞ்சரைக்கு. எட்டுக்கு என்ட வேலை முடிஞ்சிரும். மிச்ச நேரம் அதையே பாத்துக்கொண்டிருக்க எனக்கென்ன விசரா?"

கடைசி வசனம் யாருக்கு என்று எனக்கு விளங்கியது. சமையல் வீடியோ பார்த்துப் பார்த்து என்னுடைய டேட்டா எந்த மாதமும் இருபதாம் திகதியைத் தாண்டியதில்லை. கம்பெனிக்காரர் தூங்குகிறவர்களை நினைத்துப் போட்ட நேரம், அக்காவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அமைந்துவிட்டது. எனக்கு அவளை நினைக்கப் பெருமையாகத்தான் இருந்தது. அதை வாயால் சொல்லத்தான் மனம் வரவில்லை.

முதலாந் திகதி வந்தது. நானும் கூட வருகிறேன் என்று கேட்டு வாங்கிப் போனேன். அன்று வானம் மூடிக் கிடந்தது. ஏழு தோணியும் வந்து, நல்ல நண்டாக இருபத்தியாறு தேறியது. அக்கா குந்தியிருந்து ஒவ்வொன்றாக அடியில் பெருவிரலால் அமத்திப் பார்த்து, காலைக் கட்டி, ஈரச் சாக்கில் அடுக்கினாள். இரண்டு கையும் சேறு.

"புள்ள, என்ட போனை எடுத்துப் படத்தை எடு. நேரம் போகுது."

எடுத்தேன். வெளிச்சம் குறைவு, படம் இருண்டு சப்பென்று வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வருட வியாபாரம் இந்தக் களையில்லாத படத்தாலா போக வேண்டும்? என் போனை எடுத்தேன். நண்டுகளைக் கண்ணா இலை பரப்பி வட்டமாக அடுக்கி, அடி மேலே தெரிய நாலு படம் எடுத்தேன். பளபளவென்று வந்தது. காத்தான்குடிக் கடையில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அது கடைப் போன், என் போன் அப்படியில்லை என்று ஒரு வீம்பு. எனக்குத்தான் அங்கே சிக்னல் இல்லையே, படங்களைப் புளூடூத்தில் அக்காவின் போனுக்கு மாற்றி, சிவப்புத் துணியின் கீழே நின்று ஹோட்டலுக்கு அனுப்பினேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. மணி ஏழு ஐந்து.

ஏழு பன்னிரண்டுக்குக் குரல் பதிவு வந்தது. அக்கா புறங்கையால் அமத்த, அது துறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, குறை நினைக்காதீங்க. எல்லாம் தண்ணி நண்டு மாதிரிக் கிடக்கு. மனேஜரும் பாத்திட்டார். இண்டைக்கு மற்ற ஆக்களிட்ட எடுக்கிறம்."

தோணிக்காரர் ஏழு பேரும் அங்கேதான் நின்றார்கள். அக்கா போனைத் தட்டி நான் அனுப்பிய படங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. ஆற்றில் கையை அலம்பி, சீலையில் துடைத்து, ஒரு நண்டைத் தூக்கினாள்.

"இதப் பிடி. நூலில பிடி. அடி எனக்குத் தெரியோணும்."

நண்டென்றால் கறிச்சட்டியில் மட்டும் பழக்கப்பட்டவள் நான். சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, சேற்றுக்குள் நின்று, ஒவ்வொரு நண்டாக நூலில் தூக்கிப் பிடித்தேன். அக்கா தன் சீரில்லாத போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்தாள். இருபத்தியாறு படம். எடுத்து முடிய மரத்தடிக்குப் போய், போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். எந்த அவசரமும் இல்லாமல் கதைத்தாள்.

"தம்பி, முதல் வந்தது என்ட தங்கச்சிட போனால எடுத்த படம். அது எதையும் வெள்ளையாக்கிப் போடும். பிழை எங்கட. இப்ப வாறது என்ட போனால எடுத்தது. ஒவ்வொண்டா பெருப்பிச்சுப் பாருங்க. நாலு வருசமா நான் உங்களுக்குத் தண்ணி நண்டு தந்திருக்கனா? பாத்திட்டுச் சொல்லுங்க."

மணி ஏழு இருபத்தாறு. படங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்வதை நானும் அவளும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு கோடு சிக்னல் ஒரு தரமும் விழவில்லை. ஏழரை தாண்டியது. ஏழு முப்பத்தைந்து. ஒரு தோணிக்காரர் நண்டைச் சந்தைக்குக் கொண்டுபோகச் சாக்கைத் தூக்கினார். "பொறுங்க" என்றாள் அக்கா. ஏழு நாற்பதுக்குப் போன் சத்தமிட்டது.

"அக்கா, இருபத்தியாறையும் வாகனத்தில ஏத்துங்க. மற்ற ஆக்கள் அனுப்பினதெல்லாம் வடிவா இருக்கு, என்ன நண்டெண்டு விளங்கல்ல. இனி உங்கட போனால மட்டும் எடுங்க, சரியா?"

தோணிக்காரர் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், ஏழு ஆம்பிளைகளுக்கு முன்னால், கையில் நண்டோடு அழுதேன். "நான் கெடுக்கப் பாத்தன்கா" என்றேன். அக்கா என் தோளைத் தட்டினாள். "உனக்கு எல்லாம் வடிவா இருக்கோணும், அவ்வளவுதான்" என்றாள். அவளைப் போல ஒருத்தி இந்த ஆற்றங்கரையில் இல்லை என்று அந்த இடத்தில் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சாக்குகளை ஏற்றி முடிய நான் கந்தோருக்கு நேரமாயிற்று என்று அவதிப்பட்டேன். அக்கா மரத்தடியில் நின்று கூப்பிட்டாள்.

"நில்லு புள்ள. எட்டடிக்க இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு. சும்மா போகுது. கறிக்கு வச்ச இந்த நண்டப் பிடி, உன்னை ஒரு படம் எடுத்து அனுப்புறன்."

"இந்தக் கோலத்திலயா?" என்று நான் முகத்தைத் திருப்புவதற்குள் எடுத்துவிட்டாள். என் போனுக்குத் துறையில் ஒன்றும் வரவில்லை. ஓடிப்போய்க் குளித்து, சேலை மாற்றி, பஸ்ஸைப் பிடித்தேன். அதை மறந்தும் போனேன்.

மண்முனைப் பாலத்தின் நடுவில்தான் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிய படம். எட்டு வருடமாக என் போனில் நான் எடுத்து வைத்த முகங்கள் எல்லாம் சுருக்கமில்லாத, பவுடர் போட்ட முகங்கள். இதில் காதோரம் நரைத்த, கண்ணுக்குக் கீழே கறுத்த, கன்னத்தில் சேறு பட்ட ஒருத்தி நண்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதிலிருந்து ஊரில் என்னை வெள்ளைப் பிள்ளை என்றும் அவளைக் கறுப்பி என்றும் பிரித்துத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது. அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

தினமும் என்னோடு பஸ்ஸில் வருகிற எங்கள் ஊர் ஆசிரியை பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆரது, உங்கட அக்காவா?"

"இல்ல, நான்தான்" என்றேன்.